ஃபாகர் பெட்டிக்குள் இருக்கும் போர்டு

செவ்வாய், இரவு.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கிய மலிவான நகல் மின்னணு போர்டு ஒன்று, இன்று மதியம் வெயில் ஏறியதும் என் மேசையிலேயே நின்றுவிட்டது. கரண்டை நிறுத்திப் போட்டதும் மறுபடி ஓடியது. அதே பார்சலில் வந்த இன்னொன்றைத்தான் போன வாரம் செல்லமுத்து அண்ணனின் கோழிப்பண்ணையில் மாட்டினேன். வெக்கை கூடினால் கோழிகள் செத்துவிடாமல் தண்ணீர் தூவும் ஃபாகரைத் தானாகப் போடுகிற பெட்டி அது. முந்தைய பார்சலில் வந்தவை நன்றாக உழைத்தனவே என்று இதைச் சோதிக்கவேயில்லை.

பயத்தில் அண்ணனுக்குப் போன் செய்தேன். "பெட்டி ஒழுங்கா ஓடுதுங்களா?"

"அதுக்கென்னங்க, சந்தனம் குங்குமம் வெச்சுக் கும்புட்டுத்தானுங்களே மாட்டுனோம். மத்தியானம் ஃபாகர் போடற ஆளக்கூட நிறுத்திட்டனுங்க. நாளைக்கு ஊட்டோட பழனிக்குப் போறோம்."

"போயிட்டு வாங்க" என்றேன். போனை வைத்துவிட்டு டிராயரைத் திறந்தேன்.

பழைய பார்சலில் மிஞ்சிய ஒரு போர்டு இருக்கிறது. அவர்கள் விடியலில் கிளம்புவதற்குள் அங்கே போய் இதை மாற்றி மாட்டிவிட வேண்டும். அலாரம் வைத்தாயிற்று. மாட்டிய அன்று அண்ணி பெட்டியின் மூடிமேல் வைத்த பொட்டு இன்னும் அழிந்திருக்காது. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, என்ன சொல்லி அதைத் திறப்பேன்?