பக்கத்து சீட்டுக்காரி

மார்ச் 4

அன்புள்ளவளுக்கு,

நலம். போனைப் பயிற்சிப் பள்ளி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால் கடிதம். சாப்பாடு பரவாயில்லை, உப்போடு மட்டும் இவர்களுக்கு என்ன பகையோ.

இங்கே தீயணைப்பு வண்டியை டிரைவர் மட்டும் ஓட்டுவதில்லை, நான்கு பேர் ஓட்டுகிறோம். பெல்ட் மாட்டி நாலு பேரும் "ரெடி" சொன்னால்தான் சாவியைத் திருப்பலாம். ரிவர்ஸ் என்றால் ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டுவார். யார் "நிறுத்து" என்றாலும் நிறுத்தியாக வேண்டும். காரணம் பிறகுதான் கேட்கலாம். பார்க்க அத்தனை அழகு.

நேற்று என் முறை. பக்கத்து சீட்டில் ஒரு பெண், கெட்டிக்காரி. சந்திப்பில் "நிறுத்து" என்றாள். எனக்கு இடைவெளி தெரிந்தது, புகுந்து வந்துவிட்டேன். ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் பயிற்சியாளர் அம்மா சாவியை வாங்கிக்கொண்டார். "நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஆனா தனியா ஓட்டுறீங்க" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதிலும் கோட்டை விட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். பயமாக இருக்கிறது.

உன்னவன்

மார்ச் 7

பாப்பாவின் அப்பாவுக்கு,

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து பக்கத்து சீட்டிலிருந்து நான் எத்தனை "நிறுத்துங்க" சொல்லியிருப்பேன்? எல்லாம் காற்றோடு போயின. அதனால்தானே நானும் பாப்பாவும் எங்கே போனாலும் பஸ்ஸில் போகிறோம்.

வண்டி உங்கள் பேச்சைக் கேட்கும், அதை எங்கேயும் சொல்வேன். நீங்கள்தான் யார் பேச்சையும் கேட்பதில்லை. தைரியமாகப் போங்கள். அந்தப் பெண் சொல்லும்போது என்னை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள், நிறுத்தவே மாட்டீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 11

அன்பே,

பாஸ்!

சைரன் அலற மைதானத்து நேர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஈ காக்கை இல்லை. திடீரென்று பக்கத்து சீட்டுப் பெண் "நிறுத்து" என்றாள். எதற்கு என்று மனசு கேட்பதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. எதிரே ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் சொன்னாள்: "காலி ரோட்டுல சொல்லிப் பாருன்னு மேடம்தான் சொன்னாங்க. நீங்க நிறுத்துவீங்கன்னு எனக்கே நம்பிக்கை இல்ல."

பின்சீட்டில் இரண்டு பேரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஓட்டியதற்கு யாரும் கைதட்டியதில்லை, நிறுத்தியதற்குத் தட்டுகிறார்கள்! இவர்களோடு எந்தத் தீக்கும் போகலாம்.

பயிற்சி முடிந்ததும் ஞாயிறன்று வருகிறேன். நம் காரில் அத்தை வீட்டுக்குப் போய்வரலாமா? நீ முன்சீட்டில் உட்காருவாயா?

உன்னவன்

மார்ச் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் பாஸானதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பெருமை தாங்கவில்லை.

முன்சீட்டிலேயே உட்காருகிறேன். வழியில் எங்கேயாவது, ரோடு காலியாக இருக்கும்போது, "நிறுத்துங்க" என்பேன். பாப்பாவும் பின்னாலிருந்து ஒரு தடவை சொல்வாளாம். காரணம் கேட்கக் கூடாது.

நான் ரெடி. பாப்பாவும் ரெடி.

உங்கள் பக்கத்து சீட்டுக்காரி