மேலே ஏற ஏறச் சூடு

என் செல்லத் தம்பி முனிராஜுக்கு,

ஓசூரில் ஒரு தகர ஷெட்டுக்குள் உட்கார்ந்து நீ செய்த ட்ரோன் துருவத்தில் பறந்துவிட்டதடா. இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். மற்றதெல்லாம் நம் கம்பெனி எம்.டி.யின் லட்சணம். கேட்டால் நீ சிரிப்பாய், எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.

ட்ரோனைப் பெட்டி கட்டி அனுப்பிய மூன்றாம் வாரமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதனால் மீதியை நான்தான் சொல்லவேண்டும். நம்மிடம் அதை வாங்கிய விஞ்ஞானிகள் பனித்தரையிலிருந்து ட்ரோனை ஏற்றி, தரையை ஒட்டிய காற்று எவ்வளவு குளிர், அதற்கு மேலே எவ்வளவு என்று அளந்து, முதல் நாள் அளவுகளை நமக்கும் அனுப்பியிருந்தார்கள். கீழே கடுங்குளிர். மேலே ஏற ஏறக் குளிர் குறைகிறது.

எம்.டி. பார்த்தார். பார்த்ததுமே தீர்ப்பு. "மேல போனா குளுரத்தானே செய்யும்? ஊட்டிக்கு யாரும் போனதில்லையா? வெப்பமானியைத் தலைகீழா மாட்டிட்டுப் போயிருக்கான்யா." தலைகீழாக மாட்டினால் குளிர் சூடாகிவிடுமாம்! இந்த மூளைக்குத்தான் தினமும் வாசலில் இரண்டு செக்யூரிட்டி சல்யூட் அடிக்கிறார்கள்.

அன்று மாலையே விஞ்ஞானிகளுக்கு ஒரு கடிதம் தயாரானது. அளவுகள் தவறு, வெப்பமானியைப் பொருத்தியவர் எம். முனிராஜ், அவர் இப்போது உயிருடன் இல்லை, வருந்துகிறோம். செக்கிங் பொறுப்பாளர் என்று கீழே என் கையெழுத்துக்கு இடம். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான் என்கிற தைரியம், அவன் அக்காவையே கையெழுத்துப் போடச் சொல்லும் அளவுக்குப் போயிருந்தது.

உன்னைப் போல் எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் சூளகிரியிலிருந்து உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து எத்தனை மார்கழி வேலைக்கு வந்திருக்கிறேன்? சானமாவுக் காட்டோரம் ரோடு பள்ளத்தில் இறங்கும்போது காது விறைக்கும். மேட்டில் ஏறினதும் விட்டுவிடும். "ராத்திரி பூரா தரை சூட்டை மேல விட்டுட்டுச் சில்லுனு ஆயிடுதுக்கா. அதை ஒட்டுன காத்தும் அப்படித்தான், பள்ளத்துல போய்த் தேங்கிக்கும். துருவத்துல மாசக்கணக்கா வெயிலே கெடையாது, அங்க எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு" என்பாய். இரண்டு சக்கர வண்டியில் போகிற எல்லோருக்கும் தெரிந்த குளிர் இது. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டர் போட்டு வருகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது?

நம் மேனேஜர் மஞ்சுநாத் நல்லவர், முதுகெலும்பு மட்டும்தான் இல்லை. மறுநாள் விடிகிற நேரத்தில் அவர் கையில் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, என் ஸ்கூட்டரில் ஏற்றி, அதே காட்டோர ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். "ஆனை வரும்க்கா, வேண்டாம், பேடா, பேடா" என்று தமிழும் கன்னடமுமாகக் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

"ஆனை வந்தா எம்.டி.யோட ஊட்டிக் கதையைச் சொல்லுங்க சார், அதுவே ஓடிடும்" என்றேன்.

பள்ளத்தில் நிறுத்தினேன், படித்தார். மேட்டில் நிறுத்தினேன், படித்தார். மறுபடியும் பள்ளத்துக்குப் போகச் சொன்னது அவரேதான். மூன்றாம் முறை, பள்ளத்தில்தான் குளிர் கூட என்று கண்டு, பல் கிடுகிடுக்க, "முனிராஜ் கரெக்டாத்தான் மாட்டியிருக்கான்க்கா" என்றார். நடுரோட்டில் நின்று அழுதேன் முனிராஜ். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை.

மஞ்சுநாத் போய்ச் சொன்னதில் கடிதம் நின்றது. ஆனால் கூத்து அதற்கப்புறம்தான். இரண்டு நாளில் விஞ்ஞானிகளே எழுதிவிட்டார்கள். இந்த அளவுக்காகத்தான் துருவத்துக்கே வந்தோம், ட்ரோனின் விசிறிக் காற்று படாத தூரத்தில் நீளக் குச்சி வைத்து வெப்பமானியைப் பொருத்தியது அருமை, அது யாருடைய யோசனை என்று கேட்டிருந்தார்கள். எம்.டி. எல்லோரையும் கூப்பிட்டு லட்டு கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். எதைச் சொன்னாராம், ஊட்டியையா? அந்தக் குச்சியை ஒட்டடைக் கம்பு என்று நக்கலடித்து, போட்டோவுக்கு அசிங்கமாக இருக்கிறது, வெட்டி எறி என்று உன்னிடம் குதித்த மனுஷனடா இவர். எல்லோரும் கைதட்டினார்கள். நான் லட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று அந்தக் கேள்விக்கான பதில் கடிதம் என் கையெழுத்துக்காக மேசைக்கு வந்திருக்கிறது. 'எங்கள் நிர்வாக இயக்குநரின் நேரடி வழிகாட்டுதலில்' என்று தொடங்குகிறது. இரண்டு முறை படித்தேன், உன் பெயர் எங்குமில்லை. தப்பு என்றபோது இனிஷியலோடு எழுதத் தெரிந்தது. சரி என்றதும் எழுத்தே மறந்துவிட்டதா இவர்களுக்கு?

"போட்ருங்கக்கா, எதுக்கு வம்பு, வேலை முக்கியம்" என்கிறார் மஞ்சுநாத். முக்கியம்தான். நீ இருந்தாலும் 'விடுக்கா, பறந்துச்சில்ல' என்றுதான் சொல்லியிருப்பாய். உனக்கு அது போதும். எனக்குப் போதாது.

முதல் வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் பேனாவால் உன் பெயரை எழுதியிருக்கிறேன். நாளைக் காலை எம்.டி. மேசைக்குப் போகும். கிழித்தால் மறுபடி எழுதுவேன். வேலையை விட்டு நிறுத்தினால் அந்த விஞ்ஞானிகளுக்கு வீட்டிலிருந்து நானே எழுதுவேன். உன் பெயர் இல்லாத தாளில் என் கையெழுத்து விழாது, இது சத்தியம்.

உன்னோடு கூடப்பிறந்தவள்,
மாதேஸ்வரி அக்கா