உன் அத்தான் படகு ஓட்டினார்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். மூன்று நாள் வெயிலில் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்துப் போயிருக்கிறோம், அவ்வளவுதான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு இருக்கிற குஷியில் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவேன், நீ "அக்கா மெதுவா, அக்கா மெதுவா" என்றே பொழுதைப் போக்குவாய். அதனால் வீட்டுத் தையல் மெஷினை மூடி, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் படகு ஓட்டினார். ஆமாம், மூன்று வருஷமாக ஸ்டீயரிங் பக்கமே திரும்பாமல், டிப்போவில் பஸ் வருகிற நேரம் போகிற நேரம் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அதே மனிதர்தான்.

கதை எங்கள் தார்ப்பாய்க் கடையில் ஆரம்பிக்கிறது. போன மாதம் ஒரு படகுக்காரர் கிழிந்த பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவளுக்குப் படகுப் பாய் ஒரு வேலையா என்று, இரட்டை நூல் போட்டு மூன்று ஓட்டு ஓட்டிக் கொடுத்தேன். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். லீவில் குடும்பத்தோடு வாங்க, தீவெல்லாம் சுற்றிக் காட்டறேன், தையல் பிரிஞ்சா நடுக்கடல்லயே உட்கார்ந்து தைச்சுக் குடுத்துடுங்க என்றார். இதை உன் மருமகள் காதில் போட்டதுதான் தப்பு. பதினோரு வயசுக்கு அவ்வளவு பிடிவாதம். அப்பாவை அரித்தெடுத்துக் கிளப்பிவிட்டாள்.

முதல் நாள் பாதி வரை நான் கடலையே பார்க்கவில்லை, என் தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் காற்றில் புடைக்கும் போதெல்லாம் எழுந்து போய்த் தையலைத் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் அசையவில்லை. அப்புறம்தான் தலையைத் திருப்பினேன். அடேயப்பா, எதைச் சொல்ல எதை விட. ஒரு தீவு நம் பஸ் ஸ்டாண்டை விடச் சின்னது. உன் அத்தான் ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் பெண் அதை ஓடியே சுற்றி வந்துவிட்டாள். தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை, ஊதாவும் மஞ்சளுமாக, காலிஃபிளவர் தோட்டம் போட்ட மாதிரி. கண்ணாடி மாட்டிக்கொண்டு முகத்தை உள்ளே விட்டால், மீன்கள் மூக்குக்கு நேரே வந்து நின்று நம்மை வேடிக்கை பார்க்கின்றன. நான் தண்ணீருக்குள்ளேயே சிரித்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, இருமி, மறுபடியும் முகத்தை விட்டேன். பாறையை மட்டும் மிதிச்சுடாதீங்க, அதுக்கு உயிர் இருக்கு என்று படகுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காகவே பெண் காலை மடக்கிக்கொண்டு தவளை மாதிரி நீந்தினாள்.

மூன்றாம் நாள்தான் விஷயமே. படகுக்காரரின் கூட்டாளிக்கு அன்று காய்ச்சல், முதல் தீவிலேயே படுத்துவிட்டார். நாங்கள் போக வேண்டிய இடத்தைச் சுற்றிப் பவளப்பாறை வளையம், உள்ளே நுழைய ஒரே ஒரு சந்து. ஒருவர் முன்னால் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். நீலம் என்றால் ஆழம், பழுப்பு என்றால் பாறை. இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து சுக்கான் கட்டையைப் பிடிக்க வேண்டும். நீங்க டிரைவர்தானே, பிடிங்க என்று படகுக்காரர் கட்டையை உன் அத்தான் கையில் திணித்துவிட்டு முன்னால் போய்விட்டார். மாட்டேன் என்று சொல்லக்கூட இவருக்கு நேரமில்லை. முகம் வெளுத்துவிட்டது.

இடது பக்கம் என்று குரல் வந்ததும், இவர் பஸ்ஸை ஒடிக்கிற மாதிரி கட்டையை இடது பக்கம் தள்ளினார். படகு வலது பக்கம் போனது. பதறிப்போய் இன்னும் இடது பக்கம் தள்ளினார், அது இன்னும் வலது பக்கம் போனது. இருபது வருஷ டிரைவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. நல்லவேளை, அப்போது சந்துக்கு வெளியே ஆழத்தில்தான் இருந்தோம். படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார், பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் ஒரு நிமிஷம் கட்டையையே பார்த்தார். பிறகு, இது ரிவர்ஸ் எடுக்கிற மாதிரிதான், முன்பக்கத்தை விட்டுட்டுப் பின்பக்கத்தைத் திருப்பணும் என்றார். பாய் மறைக்குது, எனக்கு முன்னால ஒண்ணும் தெரியலை, நீ நடுவுல நின்னு சொல்லு என்றார்.

அப்புறம் என்ன, உன்னை மாதிரி நானும் அவருக்குக் கண்டக்டர் ஆகிவிட்டேன். வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி, நேர் பண்ணு, வரட்டும். இரண்டு பக்கமும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பாறை. நான் சொல்லி வாயை மூடுவதற்குள் படகு திரும்பியது. இரண்டு வண்டிக்கு நடுவில் பஸ்ஸைப் பின்னால் சொருகுவாரே, அந்தப் பழைய கை வந்துவிட்டது. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. சந்து முடிகிற இடத்தில் திடீரென்று எதிரே பழுப்பாக ஒரு பாறை. என் வாயில் உன் வார்த்தைதான் வந்தது. ஹோல்டான், ஹோல்டான் என்று அலறினேன். படகுக்கு ஏது பிரேக்? ஆனால் ஒவ்வொரு தீவிலும் படகுக்காரர் எப்படி நிறுத்துகிறார் என்று இவர் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கட்டையை ஒரே தள்ளாகத் தள்ளி, படகின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிவிட்டார். பாய் துவண்டது, படகு நின்றது. பாறைக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும்.

பெண் கை தட்டினாள். இனி இவர்தான் என் கூட்டாளி என்றார் படகுக்காரர். உன் அத்தான் மட்டும் கட்டையை விடவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கேட்டுச்சு, கேட்டுச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டதாலதானே நின்னுச்சு, விடுங்க என்றேன். அவர் என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

தம்பி, மூன்று வருஷமாகத் தொடாத பேச்சை இப்போது தொடுகிறேன், கோபிக்காதே. அந்த மழை நாளில் உன் அத்தான் ஓட்டிய பஸ் ரிவர்ஸில் வந்து உன் காலைச் சுவரோடு நசுக்கியபோது நான் அங்கே இல்லை. கத்தினேன் என்று நீ சொன்னாய். கண்டக்டர் குரலே கொடுக்கவில்லை என்று அவர் விசாரணையில் எழுதிக் கொடுத்தார். தப்பு உன் பேரில் என்று முடிந்து, நீ நொண்டிக்கொண்டே அவ்வளவு தூரம் போய்விட்டாய். யார் சொன்னது நிஜம் என்று நான் இருவரிடமும் கேட்டதில்லை. ஒருவன் கூடப் பிறந்தவன், ஒருவர் கூட வாழ்கிறவர். கேட்டுவிட்டு என்ன செய்வேன் என்கிற பயம்தான்.

படகை விட்டு இறங்கியதிலிருந்து அவர் பேச்சில் நீதான் இருக்கிறாய். உன் பழைய பட்டப்பேரைச் சொல்லி, விசிலு இருந்திருந்தா இன்னும் சுலபமா உள்ள விட்டிருப்போம் என்கிறார். இந்தக் காகிதத்தின் அடியில் நாலு வரி இடம் விட்டு, பேனாவையும் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். அவர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சாயங்காலம் ஒட்டித் தபாலில் போட்டுவிடுவேன். எழுதியிருந்தால் பதிலை எனக்குப் போடாதே, அவர் பேருக்குப் போடு. திட்டினாலும் பரவாயில்லை, அவரைத் திட்டு.

நீ எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்.

உன் அக்கா

விசிலு, அன்னிக்கு நீ ரெண்டு தடவை கத்துனே. முதல் தடவையே எனக்குக் கேட்டுச்சு. திங்கக்கிழமை டிப்போவுல அப்படியே எழுதிக் குடுக்கிறேன்.