மீன்களுக்கு முதுகிலும் வண்ணம்

அன்புள்ள பிசினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து நலமாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன்.

உனக்கு ஆறு வயதாக இருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "இவருக்கு ஏம்ப்பா முதுகுல பெயின்ட் அடிக்கல?"

இடம் உனக்கு நினைவிருக்கும். பூங்காவின் கடிகார நகரம், இருட்டுக் கால்வாய், படகின் கடைசி வரிசை. இரு கரையிலும் ஆளுயரப் பொம்மைகள் மணியடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பின்பக்கம் பார்த்தபடி ஒட்டிக்கொள்வாய். பிசின் என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஊரே பொம்மைகளின் முகத்தைப் பார்த்தது. நீ மட்டும் படகு தாண்டிப்போன பிறகு அவற்றின் முதுகைப் பார்த்தாய். மணிக்கூண்டின் கீழ் லாந்தரோடு உறங்கும் காவலாளி, எல்லோருக்கும் பிரியமான நம் தூங்குமூஞ்சி, முன்னால் நீலக் கோட்டும் பித்தளைப் பொத்தான்களுமாக இருப்பார். பின்னால் வெறும் பலகை, நாலு ஆணி, ஒரு துண்டு வயர்.

"அங்கெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கம்மா" என்றேன். "நான் பாக்குறேனே" என்றாய். ஒரு கேள்விக்கு மூன்று எடுத்துக்காட்டாவது சொல்லாமல் வகுப்பை விட்டு வெளியே வராதவன் நான். அன்று, "கையைப் படகுக்குள்ள வை" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

போன வருடம் கடிகார நகரத்தை எடுத்துவிட்டு அங்கே பொம்மை மீன்களோடு ஆழ்கடல் காட்சி அமைக்கப்போவதாக அறிவிப்பு வைத்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. பல் டாக்டர், பூக்கடைக்காரம்மா, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் என்று என்னைப் போலவே தாங்காதவர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தோம். சனிக்கிழமைதோறும் டாக்டரின் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில்தான் கூட்டம். பல்வலியோடு வந்தவர்கள்கூட எங்கள் பேச்சில் வலியை மறந்து கையெழுத்துப் போட்டார்கள். மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் ஒரு வரி எழுதினேன்: "இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் ஒருநாளும் இந்தப் படகில் குழந்தையாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்." டாக்டர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்து, "இது ஒண்ணு போதும் சார், ஆளைச் சாய்ச்சிடும்" என்றார். அந்த வரியை மஞ்சள் பனியன்களில் அச்சடித்துப் போட்டுக்கொண்டோம்.

புதுப்பகுதி திறந்த அன்று நான் பூங்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதே வரி எழுதிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தேன்.

அது யாரைப் போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியாது. உன் வடிவமைப்பு நிறுவனத்தில் என்ன வேலை என்று கேட்டபோதெல்லாம், "தண்ணி சம்பந்தமான வேலைப்பா. வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க" என்பாய். ஏதோ அணைக்கட்டு என்று நானாக நினைத்துக்கொண்டு எல்லோரிடமும் பெருமையடித்தேன். திறப்பு நாளோடு உன் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நின்றுவிட்டது. "வேலை அதிகம்பா" என்று செய்தி மட்டும் வரும். நாலு மாதமாயிற்று.

போன வியாழக்கிழமை சங்கம் என்னை உள்ளே அனுப்பியது. போய்ப் பார்த்துக் குறைகளைப் பட்டியல் போட வேண்டும். "தப்பு கண்டுபிடிக்க உங்கள விட்டா யாரு சார்? முப்பத்தஞ்சு வருஷம் அதுதானே பொழப்பு" என்று ஓட்டுநர் கிண்டலடித்தார். நோட்டும் சிவப்புப் பேனாவுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுறாவின் வாய் கோணல். ஒன்று. இசை காதைக் கிழிக்கிறது. இரண்டு. முதல் வளைவு வருவதற்குள் ஏழு தப்பு எழுதிவிட்டேன்.

வளைவில் படகு திரும்பியபோது என் கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது. தோளில் நீ இல்லை என்பது கழுத்துக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

கடந்து வந்த மீன்கள் எல்லாம் எனக்கு முதுகைக் காட்டி நின்றன. ஒன்றுகூட வெறும் பலகை இல்லை. செதிலுக்குச் செதில் வண்ணம். ஆமையின் ஓட்டில் பின்பக்கம் பாசி படிந்திருந்தது. பவழப் பாறையின் மறுபுறத்தில், முன்னால் பார்ப்பவர் கண்ணில் ஒருநாளும் படாத இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவு நண்டுகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பேனாவை மூடிவிட்டேன். மீனுக்கு முதுகிலும் வண்ணம் வேண்டும் என்று நினைக்கக்கூடிய ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும்.

இறங்கும் இடத்தில் படகைப் பிடித்து நிறுத்தும் பெண்மணியிடம் விசாரித்தேன். "அத ஏன் சார் கேக்குறீங்க, ஒரு பொண்ணு வந்துச்சு. முட்டியளவு தண்ணியில நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் பின்பக்கம் பூசியாச்சான்னு தடவிப் பாக்கும். மேலாளர், 'யாரும்மா அங்க பாக்கப்போறா?'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. 'பயந்த புள்ளைங்க பாக்கும் சார்'னு சொல்லிச்சு" என்றார். அவருக்கு நான் யார் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், அவள் காய் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை. "இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு?" என்றாள். பழைய படகுப் படங்களை நீ கேட்டு வாங்கிய அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டதாம். பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா அவ வேலை போயிடும். சொல்லலேன்னா உங்க மானம் போகும். உங்க மானம்தானேன்னு விட்டுட்டேன்" என்றாள். சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. திறப்பன்று நீ வந்திருந்தாயாம். விழா முடிந்து வீட்டுக்கு வருவதற்காகப் பையோடு பூங்கா வாசல்வரை வந்து, நாற்காலியில் என்னையும் மடியிலிருந்த அட்டையையும் பார்த்துவிட்டு, வேறு வழியாக விமான நிலையத்துக்குப் போய்விட்டாயாம்.

ஒரே ஒரு எடுத்துக்காட்டு சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். ஒருமுறை ஒரு மாணவியின் விடைத்தாளில் கடைசிக் கேள்விக்கு விடை இல்லை. பூஜ்யம் போட்டேன். அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. தாளை என் மேசையில் குப்புற வைத்துவிட்டுப் போய்விட்டாள். பின்பக்கத்தில் முழு விடையும் இருந்தது. மறுநாள் வகுப்பு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், மதிப்பெண்ணையும் திருத்தினேன். பனியனில் அச்சடித்துப் போட்ட பூஜ்யத்தை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை, பிசின். அந்த வரி தப்பு. இதைச் செய்தவள் அந்தப் படகில் குழந்தையாக உட்கார்ந்தவள். என் மடியிலேயே உட்கார்ந்தவள். என்னை மன்னித்துவிடு.

சனிக்கிழமை இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "அப்ப இந்தப் பனியன என்ன சார் பண்றது?" என்றார் டாக்டர். இப்போது அதை வைத்து ஸ்கூட்டர் துடைக்கிறார். பூக்கடைக்காரம்மா மட்டும் இன்னும் கழற்றவில்லை. "உங்க பொண்ணு நல்லாவே பூசியிருக்கட்டும். என் தூங்குமூஞ்சி எங்க?" என்று கேட்கிறார். தூங்குமூஞ்சி இல்லாதது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? சுறாவின் வாயும் கோணல்தான், முடிந்தால் கவனி.

ஆனால் அன்று நான் பதில் சொல்லாமல் நழுவிய கேள்விக்கு நீ பதில் செய்து வைத்துவிட்டாய். அதற்கு இந்தக் கிழவனின் நன்றி. மணிச் சத்தத்துக்குப் பயந்த காலத்தை நீ மறக்கவில்லை. முகம் தெரியாத பிள்ளைகளுக்காகத் தண்ணீரில் நின்றிருக்கிறாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்பனை அந்த வாசலிலேயே வைத்து ஒரு வழி பண்ணியிருப்பேன். நீ ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும்.

திறந்த பிறகு நீ அதில் ஒரு பயணியாகப் போகவே இல்லை என்று அம்மா சொல்கிறாள். அடுத்த மாத விடுமுறைக்கு வா. உன் அறையில் மின்விசிறியைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். மூன்று பேருமாகப் பூங்காவுக்குப் போவோம். நீயும் அம்மாவும் ஒரு படகில் கடைசி வரிசையில் உட்காருங்கள். நான் அடுத்த படகில் வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்தால் எடுத்துக்காட்டு சொல்ல ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வேண்டியது தப்பிப்போய்விடும். அதை இந்த முறை ஓர் அட்டையில் எழுதி மடியில் வைத்திருப்பேன். இரண்டு படகுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது, பாறையருகே வெளிச்சமும் இருக்கிறது.

எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். முதல் வளைவு தாண்டியதும் பின்னால் திரும்பிப் பார்.

உன் அன்புள்ள
அப்பா