மணலுக்குள் போன அயிரை

ஆனி மாசம், ஞாயித்துக்கிழமை ராத்திரி

காலையில மீன் தொட்டிக் கல்லை எல்லாம் அள்ளிட்டு ஆத்து மணல் போட்டேன். வீட்டுக்காரர் பக்கவாதத்துல விழுறதுக்கு முன்னாடி சொல்லிக்கிட்டே இருந்த வேலை. "ஏட்டி, அயிரைக்குக் கல்லு ஆகாது. மூக்க முட்டிப் புண்ணாக்குது பாரு. மணல் போடணும்"பாக. இப்ப பேச்சு கிடையாது. கட்டிலை ஒட்டியிருக்க தொட்டியையே நாள் பூரா பார்த்துக்கிட்டுக் கிடக்காக. சந்தோஷப்படட்டுமேன்னுதான் செஞ்சேன்.

மணலை அலசி அலசி என் இடுப்பே விட்டுப்போச்சு. மீனை விட்டதும் அத்தனையும் மணலுக்குள்ள புகுந்துட்டு. தொட்டியில வெறும் தண்ணிதான் தெரியுது.

மத்தியானம் சோறு ஊட்டப் போனா வாயைத் திறக்கல. கண்ணு தொட்டிக்குள்ளயே தேடுது. அப்புறம் வாய் கோணிக்கிட்டு, "எங்க?"ன்னாக.

இவுக வாயில இருந்து ஒரு சொல்லு வரணும்னு இலஞ்சி முருகன்கிட்ட எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன். அது இப்படியா வரணும்?

"மணலுக்குள்ளதான் இருக்கு, சாகல"ன்னேன். நம்பல. கண்ணீர் வழிஞ்சு காதுக்குள்ள இறங்குச்சு. துடைச்சுவிட்டேன்.

பழைய கல்லையே திரும்பப் போட்டுருவோம்னு வாளியைத் தூக்கிட்டு வந்தேன். இவுக கண்ணுக்கு எட்டாத ஓரத்துல ஒரு அயிரை தலையை மட்டும் நீட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. எந்நேரமும் கண்ணாடியில முட்டிக்கிட்டு அலைஞ்சது, இன்னைக்குத்தான் நிம்மதியா கிடக்கு. அதை எப்படிக் கிளப்ப?

வாளி கட்டிலடியிலயே இருக்கு. இவுக இன்னும் தூங்கல. தேடிக்கிட்டுத்தான் கிடக்காக.