புதன்கிழமை ஊசி

1962 ஜூன் 4, திங்கள்

கொழும்பு டாக்டர் பொய் எழுதியிருக்கிறார். தோட்டத் துரையின் பங்களாவில் மூன்று நாள் ஆட்டிறைச்சி தின்றுவிட்டு எழுதிய பொய்.

விடாத மழை. டிஸ்பென்சரிக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். வாளி வைத்தேன்.

போன வருஷம் இங்கே மஞ்சள் காமாலை பரவியபோது ஆராய்ச்சிக்கு வந்தவர். (இனி கொ.டா.) அவர் கட்டுரை அச்சான ஆங்கிலப் புத்தகம் இன்று தபாலில் வந்தது. டிஸ்பென்சரியில் எனக்கு மேலே இருக்கும் மருந்துக்காரர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். நன்றி சொல்லும் இடம்.

“பாத்தியாடா, கொழும்பு வரைக்கும் நம்ம பேரு! உன்னையும் போட்டிருக்காரு. ‘உதவியாளர்’னு. பேருதான் இல்ல.”

சிரித்துவிட்டுப் புத்தகத்தை ஸ்பிரிட் போத்தலுக்கு அடியில் வைத்தார். நான் உருவி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே, பீலித் தண்ணீரில் குற்றமில்லையாம். கக்கூசுக்கு நேர் கீழே, எல்லோரும் குடிதண்ணீர் பிடிக்கிற பீலி!

வாங்க வேண்டியது: பிளேடு, சவுக்காரம், மண்ணெண்ணெய்.

ஜூன் 5, செவ்வாய்

துரைக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. பீலியை மேலே மாற்றச் சொல்லி நான் எழுதிய மனு திரும்பி வந்தது. மூலையில் சிவப்புப் பென்சில்: கட்டுரையைப் படி. கொண்டுவந்த கணக்கப்பிள்ளைக்கு ஒரே குஷி. “டாக்டரே நல்ல தண்ணின்னுட்டாரு. நீ யாருடா, தண்ணிக்குத் தனி டாக்டரா?”

எத்தனை பேர் சேர்ந்து செய்த வேலை இது?

மாலை, லயத்தில் அண்ணன் குடியிருக்கும் காம்பராவுக்குப் போனேன். மதினிக்கு ஏழு மாதம். உதடெல்லாம் வெளுப்பு.

“தம்பி, நாளைக்கு ரத்த ஊசிக்கு என் பேரையும் சேத்துக்கங்க. போன வாரம் மருந்து தீந்துருச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. இன்னும் ஒண்ணுகூடப் போடல.”

சரி என்றேன். வெளுத்துப்போன பெண்களுக்கு மருந்துக்காரர் புதன்தோறும் போடும் சத்து ஊசி அது.

ஜூன் 6, புதன்

காலை. அடுப்பில் ஊசிகள் கொதிக்கும்போது மீதிப் பக்கங்கள், அகராதியோடு. கொ.டா.வின் பொய்யைப் பிடிக்கத்தான்.

காமாலை வந்தவர்களை லயம் லயமாகப் போட்டிருக்கிறார். அதே பீலியில் குடித்த குழந்தைகளுக்கு இல்லை. ஆண்களுக்கு இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத்தான். பெயருக்குப் பதில் எழுத்துகள். எனக்குத் தெரியாதா? கீழே இருக்கும் பணிய லயம், கடைசிக் காம்பரா, கர்ப்பிணி, இறந்தாள். லெட்சுமி. எல்லோருமே புதன்கிழமை வரிசையில் நின்றவர்கள்.

பிறகு அந்த வரி. இங்கே ஊசியை மாற்றுகிறார்கள், மருந்தேற்றும் குழலை மாற்றுவதில்லை. ஒருத்தியின் ரத்தம் துளி குழலுக்குள் ஏறினாலும் போதும், அடுத்தவளுக்குப் போய்விடும்.

மாற்றியது நான். ஆளுக்கொரு ஊசி, கொதித்தது, இடுக்கியால் எடுத்து. பெருமை வேறு. போன வருஷம் கொ.டா. பக்கத்தில் நின்று பார்த்தார். ‘வெரி குட்’ என்றார்.

மருந்துக்காரரிடம் காட்டினேன்.

“அப்ப நான் கொலைகாரனா? இருக்கறது ஒரே குழல். ஒவ்வொருத்திக்கும் வேக வச்சா பொழுது சாஞ்சிரும், கொழுந்தெடுக்க ஆள் வரலன்னு கண்டாக்கையா வந்து குதிப்பாரு. வெளிய வாயைத் தொறந்த, உனக்கு வேலையும் இல்ல, உங்க அண்ணனுக்குக் காம்பராவும் இல்ல.”

குழலை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். வாசலில் போய் இன்று ஊசி இல்லை என்றேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் மாற்றியது யார் என்று கேட்பார்கள்.

மதினிதான் அதிகம் கத்தியது. “மேஸ்திரி பொண்டாட்டி வந்திருந்தா இல்லைன்னுருப்பீங்களா?”

ஜூன் 7, வியாழன்

ஹட்டன் போய் கொ.டா.வுக்குப் பதிவுத் தபால். நகல்:

ஐயா, நீங்கள் வெரி குட் சொன்ன புதனன்று லெட்சுமி வரிசையில் நின்றாள். அதற்கு அடுத்த புதனும் நின்றாள். குழல் விஷயம் உங்களுக்கு எந்தத் தேதியில் தெரியும்? தெரிந்தும் ஏன் எங்களிடம் சொல்லாமல் புத்தகத்தில் சொன்னீர்கள்? தேதியை மட்டுமாவது எழுதுங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஈரக் கம்பளி நாற்றம். பிளேடு வாங்க மறந்துபோனேன்.

ஜூன் 20, புதன்

பதில் இல்லை. அவர் ஒரு வரி எழுதினால் போதும், கையில் வைத்துக்கொண்டு பேசலாம். மதினி லயத்து வாசற்படியில் மயங்கி விழுந்ததாக அண்ணன் சொன்னான். பிறகு தெரிந்தது, படியில் இல்லை, கொழுந்தெடுக்கும் மலையில். கூடையோடு.

ஜூன் 27, புதன்

பதில் இல்லை. நான் எடுத்துக்கொண்ட குழலுக்குப் பதில் துரை புதுக் குழல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒன்று.

வரிசையில் முப்பது பேர் இருக்கும். ஊசி தொடுகிற வேலை இனி எனக்கில்லை. வாசலில் நின்று பெயர் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

மதினி நடுவில் நின்றாள். கையைப் பிடித்து இழுத்து முதலில் விட்டேன். முதல் ஆளுக்குக் குழல் சுத்தம்.

இரண்டாவதாக நின்றது மாரியாயி, லெட்சுமியின் தங்கச்சி. என் முகத்தையே பார்த்தாள்.

“என்னமோ இருக்கு. ஒங்க மதினிய எதுக்கு முன்னால இழுத்து விட்டீங்க? சொல்லுங்க. சொன்னாத்தான் நான் உள்ள போவேன்.”

உள்ளேயிருந்து மருந்துக்காரர், “அடுத்த ஆளு!”

“மாரியாயி” என்று பெயரைக் கூப்பிட்டேன்.