குளிர் அறைக்குப் பொறுப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

போட்டோவில் என் அடையாள அட்டையில் பார்த்தீர்களே, ‘அக்கவுண்டபிள்’, அது பதவி உயர்வு இல்லை. “உள்ள யாராவது மாட்டிக்கிட்டா நீதான் பதில் சொல்லணும்” என்று ஆங்கிலத்திலேயே அர்த்தம் சொன்னார் சூப்பர்வைசர். மீன் குளிர் அறையைப் பூட்டுமுன் குரல் கொடுத்துப் பார்த்து, ‘யாருமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எனக்கு முன்பிருந்தவர் ஒருநாள் குரல் கொடுக்காமலே கையெழுத்திட, நம்மூர்க்காரர் ஒருவர் உள்ளேயே விறைத்துப்போனாராம்.

நான் தினமும் “யாராவது இருக்கீங்களா?” என்கிறேன். “இருக்கேன்” என்று பதில் வருகிறது. போய்த் தேடினால் பெட்டிகள்தான். பயப்படாதீர்கள், இங்கே என்னோடு தமிழ் பேச வேறு யார் இருக்கிறார்கள்? ‘யாருமில்லை’ என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

அம்மாவிடம் சொல்லி இரண்டு ஸ்வெட்டர் அனுப்புங்கள். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். குரலைக் கேட்டால் ஆள் வாட்டசாட்டமாகத் தெரிகிறது.

பூட்டும் நேரமாகிவிட்டது, உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்